ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநரின் தடகளப் பயிற்சி: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

நெல்லைச் சீமையின் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி மைதானத்தை வாடகைக்கு எடுத்துக் காலை வேளைகளில் தடகளப் பயிற்சி அளித்து வருகிறார். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் அங்கே சேர்ந்தாள். இப்போது கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டே 400 மீட்டர் ஓடுகிறாள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று விசாரிக்கும் பெற்றோர் பலர் இருப்பதால், அங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அங்கே நாம் கட்டணம் செலுத்துவது மைதானத்துக்கோ கருவிகளுக்கோ அன்று. ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறையைத் தனியொருவராகத் தாங்கி நடத்திய அனுபவத்துக்கே. கல்லூரிகளில் ‘பிசிக்கல் டைரக்டர்’ என்று அழைக்கப்படுபவரின் வேலை விசில் ஊதுவதோடு முடிந்துவிடுவதில்லை. அணிகளைத் தேர்ந்தெடுப்பது, மைதானத்தைப் பராமரிப்பது, கருவிகள் வாங்கிக் கணக்கு எழுதுவது, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது, வெளியூர்ப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை இரயிலில் அழைத்துச் சென்று பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது, தேர்வு நாளும் போட்டி நாளும் மோதும்போது துறைத் தலைவர்களிடம் போய் நிற்பது என எல்லாம் அவர் தலையில்தான் விழும். இவர், இவ்வட்டாரக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த காலத்தில் பணியில் சேர்ந்தவர். 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட பின் நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளுக்கான போட்டிகள் புதிதாக உருப்பெற்றதை உடனிருந்து கண்டவர். அவர் பணிக்காலத்துக்குள்ளேயே விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. 1999-இல் பெண்களுக்கான ஈட்டியின் வடிவமைப்பு மாறியது. துப்பாக்கி ஒலிக்கும் முன்பே கிளம்பிவிடும் தவறான புறப்பாட்டுக்கான விதி 2003-இல் ஒருமுறை மாறி, 2010-இலிருந்து முதல் தவறுக்கே வெளியேற்றம் என்றானது. 4×100 தொடரோட்டத்தில் பேட்டன் மாற்றும் பகுதி 20 மீட்டரிலிருந்து 30 மீட்டராக நீண்டது. ஓய்வுபெற்ற பிறகும் புதிய விதிப் புத்தகத்தை வரவழைத்து, மாறிய இடங்களைக் கோடிட்டுப் படிக்கிறார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றும் பள்ளிப் போட்டிகளில் பழைய விதிகளின்படி தீர்ப்புச் சொல்லப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பயிற்சி காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் மாதம் முழுவதும் அவர் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுப்பதே இல்லை; நடை, மெதுவோட்டம், முழங்கால் உயர்த்தும் பயிற்சிகள், தாவல்கள், சிறு விளையாட்டுகள் ஆகியவற்றோடு நாள்கள் கழிகின்றன. பல பெற்றோர் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தில் அவர் செய்வது கவனிப்பது மட்டுமே. பாதம் தரையில் எப்படிப் படுகிறது, களைத்தபின் தோள் உயர்கிறதா, விளையாட்டில் கடைசிவரை துரத்தும் பிள்ளை யார், முன்னால் போய்விட்டு நின்றுவிடும் பிள்ளை யார் என்பதையெல்லாம் பார்த்து ஒரு நீள நோட்டில் எழுதுகிறார். என் மகள் 100 மீட்டர் ஓட விரும்பித்தான் சேர்ந்தாள். புறப்பாட்டில் அவள் பின்தங்குவதையும், மற்றவர்களின் வேகம் குறையும் கடைசிப் பகுதியில் அவள் வேகம் அதே அளவில் நிற்பதையும் கண்டு, 400 மீட்டரே அவளுக்குரியது என்று முடிவு செய்தவர் அவர்தான். அதை ஒரே நாளில் அறிவிக்கவில்லை. பயிற்சியின் தூரத்தைச் சிறிது சிறிதாக நீட்டி, அவளே வந்து கேட்கும்வரை காத்திருந்தார்.

400 மீட்டரை அவர் கற்பிக்கும் முறையைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தூரம் முழுவதையும் எவராலும் முழு வேகத்தில் ஓட முடியாது. முதல் 200 மீட்டரைத் தன்னுடைய சிறந்த 200 மீட்டர் நேரத்தைவிட ஓரிரு வினாடி மெதுவாகக் கடப்பவரே கடைசி நேர்க்கோட்டில் நிலைகுலையாமல் வருவார். இதை விளக்குவது எளிது. பதினைந்து வயதுப் பிள்ளையின் காலுக்குப் பழக்குவது கடினம். அவர் 200 மீட்டர்க் குறியில் நின்று, கடக்கும் நேரத்தை உரக்கச் சொல்கிறார். வாரக்கணக்கில் இதே பயிற்சி தொடர்ந்தபின், கடிகாரம் இல்லாமலேயே பிள்ளைகள் தங்கள் நேரத்தைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். தொடையின் பின்தசையில் சிறிய பிடிப்பு என்று சொன்னாலும் அன்றைய ஓட்டம் நின்றுவிடும். “இன்னைக்கு நட தாயி, நாளைக்கு ஓடிக்கிடலாம்” என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. மாவட்டப் போட்டிக்கு முந்தைய வாரத்திலும் அவர் இதில் இளகியதில்லை.

எங்கள் ஊர்க் காற்றை அவர் அறிந்திருப்பது தனிச் சிறப்பு. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றும், மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் பாளையங்கோட்டை மைதானங்களிலும் பலமாக வீசும். 100, 200 மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் அது சாதனையாக ஏற்கப்படுவதில்லை; காற்றுமானி இல்லாத உள்ளூர்ப் போட்டிகளில் இதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக ஓடி எடுத்த நேரத்தை அந்த மாதங்களில் அவர் நோட்டில் ஏற்றுவதே இல்லை. ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தி எடுத்த நேரத்தையும் அப்படியே நம்ப விடமாட்டார். கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டர்களுக்கு 0.24 வினாடியும் 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்ட வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் சொல்லிவைக்கிறார். பிள்ளையின் நேரத்தைத் தேசிய அளவிலான தகுதி நேரத்தோடு ஒப்பிட்டு வீண் நம்பிக்கை கொள்வதை இது தடுக்கிறது.

பயிற்சியைத் தவிர, பள்ளிகளின் விளையாட்டு விழாக்களுக்கு ட்ராக் குறித்துக் கொடுக்கும் வேலையையும் அவர் ஏற்கிறார். என் மகள் படித்த பள்ளிக்கு அவர் வந்து குறித்ததை முழுவதும் இருந்து பார்த்தேன்; உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவரும் ஒருமுறையாவது காண வேண்டிய வேலை அது. சிறிய பள்ளிகளில் 200 மீட்டர் ட்ராக்தான் போட முடியும். மைதானம் பாதி என்பதால், அடுத்தடுத்த பாதைகளுக்குத் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிக் குறிக்கும் தூரத்தையும் பாதியாக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது பிழை. வளைவின் ஆரம் எதுவாயினும், 1.22 மீட்டர் அகலப் பாதைகளில் ஒரு முழுச் சுற்றுக்கு இந்தத் தூரம் மாறுவதில்லை. உள்வரம்பில் உயர்த்திய கட்டை இருந்தால் இரண்டாம் பாதைக்கு 7.04 மீட்டர், வெறும் சுண்ணாம்புக் கோடு மட்டும் என்றால், முதல் பாதையை 30 சென்டிமீட்டருக்குப் பதில் 20 சென்டிமீட்டர் தள்ளி அளப்பதால், அது 7.67 மீட்டர். இந்த வேறுபாட்டைத் தலைமையாசிரியருக்கு விளக்கிவிட்டு, இரும்பு நாடாவால் இருமுறை அளந்த பிறகே சுண்ணாம்பைத் தூவச் சொன்னார். குண்டு எறியும் பகுதிக்குக் கோணமானி எதுவும் தேவைப்படவில்லை; வட்டத்தின் மையத்திலிருந்து 10 மீட்டரில் இரு கோடுகளுக்கும் இடையே 6 மீட்டர் இருக்குமாறு கயிறு பிடித்தார், விதி கேட்கும் 34.92 பாகை தானாக அமைந்தது. வெளிப்பாதையில் ஓடும் பிள்ளை வஞ்சிக்கப்படக் கூடாது என்பதில் அவருக்கு இருக்கும் பிடிவாதத்தை அன்று கண்டேன்.

பெற்றோர் அதிகம் அறியாத இன்னொரு பயன், சான்றிதழ் பற்றிய வழிகாட்டல். விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பங்கேற்றதற்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலத்துக்காக ஆடியதற்குப் படிவம் 4 என்று தனித்தனிப் படிவங்கள் உள்ளன; உரிய அலுவலரின் கையொப்பம் இல்லாவிட்டால் பதக்கம் இருந்தும் பயனில்லை. போட்டி முடிந்த சூட்டோடு இவற்றை வாங்கிவிட வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். பல ஆண்டுகள் கழித்துப் பழைய சான்றிதழுக்காக அலைந்த மாணவர்களைத் தம் அலுவலகத்தில் கண்டவர் அவர். உடற்கல்வித் துறையிலேயே வேலை தேடும் பிள்ளைகளுக்கும் அவர் சொல்வது பயனுள்ளது: முதுகலைப் பட்டமும், கல்லூரிப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்ச்சியும் மட்டும் போதா, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, முப்பது வயதுக்கு உட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் கடக்கும் உடற்தகுதித் தேர்வும் உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெண் பயிற்சியாளர் எவரும் இல்லை. அவர் கண்ணியமானவர், பிள்ளைகளை அக்கறையோடு நடத்துபவர் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் மாதவிடாய் நாள்களில் பயிற்சியை எப்படி மாற்றுவது, உள்ளாடை, காலணி போன்றவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையெல்லாம் ஒரு பெண்ணிடம் கேட்கும் வாய்ப்பு வளரும் பெண்பிள்ளைகளுக்கு அவசியம். மூத்த மாணவிகள் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறார்கள், அது போதாது. உடைமாற்றும் அறையும் போதிய கழிப்பறையும் இல்லை. எடைப் பயிற்சி மிகவும் குறைவு. கல்லூரி வயதை எட்டிய பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாட்டை நாமே தேட வேண்டியிருக்கிறது. கோலூன்றித் தாண்டுதல், உயரம் தாண்டுதல் ஆகியவற்றுக்கு மெத்தை இல்லாததால் அவற்றைக் கற்பிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானத்தில் நீர் தேங்கினால் நாள்கணக்கில் பயிற்சி நின்றுவிடும். பெற்றோருடன் அவர் பேசுவதும் குறைவு. பிள்ளையின் முன்னேற்றத்தைப் பற்றி எழுத்தில் ஏதாவது கேட்டால், “பிள்ளையிட்டயே கேளுங்க, அதுக்குத் தெரியும்” என்று சொல்லிவிடுகிறார். பிள்ளையைப் பொறுப்பாக்கும் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நீள நோட்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு பக்கமாவது எங்களுக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

புரதப் பொடிகளையும் ஊக்கச் சத்து மாத்திரைகளையும் அவர் அறவே அனுமதிப்பதில்லை. கலப்படமான பொடியில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தாலும் பழி வீரர் மீதே விழும் என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதி என்பதால், இதில் அவர் காட்டும் கண்டிப்பை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். வேர்க்கடலை, முட்டை, வாழைப்பழம், மோர் என்று வீட்டில் கிடைப்பதையே சொல்கிறார்.

மாதக் கட்டணம், இவ்வூரில் ஒரு பாடத்துக்கு வாங்கும் டியூஷன் கட்டணத்தைவிடக் குறைவு. சிவந்திபட்டி, கிருஷ்ணாபுரம் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகள் சிலரிடம் அதையும் அவர் வாங்குவதில்லை. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான ஓட்டப் பிள்ளைகளுக்கும் நீளம் தாண்டும் பிள்ளைகளுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சில மாதங்களில் பதக்கம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. மாநில அளவை எட்டிவிட்டவர்கள் செயற்கை இழை ட்ராக் உள்ள அரங்கில் வாரத்தில் சில நாள்களாவது ஓடிப் பழக வேண்டும். அதை அவரே எடுத்துச் சொல்லி, அங்குள்ள பயிற்சியாளரிடம் அனுப்பியும் வைக்கிறார். சேர்க்கை ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் நடக்கிறது. தொலைபேசியில் அவர் சேர்த்துக்கொள்வதில்லை. பாளையங்கோட்டையில் எந்தப் பள்ளியின் பி.டி. ஆசிரியரைக் கேட்டாலும் மைதானத்துக்கு வழி சொல்வார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஐந்தரைக்கு முன்பே நேரில் போய்விடுவது நல்லது.