செடித்தொட்டிக்குக் கரியமில வாயு: சிலிண்டரா, ஈஸ்ட் பாட்டிலா?

மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் பலர், செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்கச் சிலிண்டரை வாங்குவதா, ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கச் செய்து வாயு தரும் பாட்டிலை வைப்பதா என்று தயங்குகிறார்கள்.

செலவு: ஈஸ்ட் முறைக்குச் சர்க்கரை, ஈஸ்ட், பாட்டில், குழாய் போதும். சிலிண்டருக்கு அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், வாயு ஓட்டத்தை நுணுக்கமாக அளவிட்டு விடும் ஊசி வால்வு, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு எனத் தொடக்கத்திலேயே பெரிய தொகை தேவைப்படும். பிறகு வாயு நிரப்பும் செலவுதான்.

நிலைத்தன்மை: முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுவே என்பது என் கருத்து. ஈஸ்ட் கலவை முதல் சில நாட்கள் வேகமாகக் குமிழிட்டு, இரண்டு மூன்று வாரங்களில் ஓய்ந்துவிடும். வாயு இப்படி ஏறி இறங்குவது பாசிக்கு வழிவிடும். சிலிண்டரிலோ, உள்ளே திரவ நிலையில் இருக்கும் கரியமில வாயு மீதமிருக்கும் வரை 20 டிகிரி செல்சியஸில் உள்ளழுத்தம் ஏறக்குறைய 57 பார் அளவிலேயே நிற்பதால், ஊசி வால்வை மெல்லத் திருகி விநாடிக்கு ஒரு குமிழி என்று வைத்தால், பெரிய மாற்றமின்றி அது தொடரும். (மீதியை அறிய அழுத்தமானியை நம்பாமல் எடை பார்ப்பதே சரி.)

இரவு: இருளில் செடிகளுக்கு இவ்வாயு தேவையில்லை. சோலினாய்டை டைமர் நிறுத்திவிடும்; ஈஸ்டை நிறுத்த வழியில்லை.

பாதுகாப்பு: சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும், சாய்ந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகும். நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு இரண்டுக்கும் அவசியம். தொட்டிக்குள் தொங்கும், நீரிலுள்ள வாயுவின் அளவுக்கேற்ப நிறம் மாறும் நிறங்காட்டிக் குப்பியில் பச்சை தெரிந்தால் அளவு சரி, நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் அதிகம், மீன்கள் மூச்சுக்குத் திணறக்கூடும்.

சிறிய தொட்டியில் சில மாதங்கள் பழகிப் பார்ப்பவர்களுக்கு ஈஸ்ட் போதுமானது. பெரிய தொட்டி, வலுவான விளக்கு, தரைவிரிப்பாய்ப் படரும் செடிகள் என்று திட்டமிடுபவர்கள் சிலிண்டரையே வாங்கலாம்.