துபாய்க்குக் குடும்பமாகப் போகிறீர்களா? மீன் எங்கே, மற்ற சாமான் எங்கே வாங்கலாம்

விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி அடுத்த மாதம் மாப்பிள்ளையிடம் துபாய் போகிறாள். "ராத்தா, அங்கே சாமானெல்லாம் எங்கே வாங்குவீங்க?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருடமாக துபாயின் தேரா பகுதியில் குடும்பம் நடத்துகிறேன், அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மீனுக்கு வாட்டர்பிரண்ட் மார்க்கெட்தான், இதில் எனக்கு இரண்டு பேச்சே இல்லை. தேராவின் பழைய மீன் மார்க்கெட்டை 2017ல் இந்த மார்க்கெட்டுக்கு மாற்றினார்கள். உள்ளே ஏசி இருந்தாலும் வியாபாரம் நம்ம ஊர் மாதிரிதான்: செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், வயிற்றை அழுத்திப் பார்க்கலாம், விலை பேசலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். முதலில் சொல்கிற விலைக்கு வாங்கிவிடாதீர்கள். பெயர்தான் கொஞ்சம் பழகவேண்டும். ஹமூர் என்றால் களவா, ஸாபி என்றால் ஓரா, கிங் பிஷ் நம்ம சீலா (வஞ்சிரம்), ஷேரி வெளமீன் வகை. மார்ச், ஏப்ரலில் ஷேரியும் ஸாபியும் தேடி அலையாதீர்கள், முட்டையிடும் காலம் என்று அங்கே தடை. இங்கே ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாதே, அது மாதிரிதான். சிரமம் என்னவென்றால், மீனை வெட்டத் தனி இடத்துக்குத் தூக்கிப் போய்க் கிலோ கணக்கில் கூலி கொடுக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் அங்கே நிற்கிற வரிசைக்குப் பொறுமை வேண்டும்.

ஹைப்பர்மார்க்கெட்டில் அந்தச் சிரமம் இல்லை. விலை எழுதியிருக்கும், வெட்டிக் கழுவிக் கொடுப்பதற்கும் தனிக் காசு வாங்குவதில்லை, கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு கடையில் சலுகை விலை என்று சீலாத் துண்டு வாங்கிக் குழம்பு வைத்தேன், கொதி வந்ததும் துண்டெல்லாம் உதிர்ந்து போச்சு. உறைய வைத்து இளக்கின மீன். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அங்கே அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி மட்டும்தான், அதிலெல்லாம் அவர்கள் விலையை வேறு யாராலும் கொடுக்க முடியாது. துணிப்பை கொண்டுபோங்கள்.

தெருமுனைக் குரோசரி பால், குபூஸ் ரொட்டி, ஒரு கட்டுக் கொத்தமல்லிக்குத்தான். விலை கொஞ்சம் கூட. ஆனாலும் போன் போட்டால் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், தெரிந்த முகமாகிவிட்டால் மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். சம்பளம் தாமதமான ஒரு மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கணக்கு நோட்டால்தான், அதனால் அந்தக் கடையை விலையை மட்டும் வைத்து எடைபோட எனக்கு மனம் வராது.

இந்த மூன்றிலும் எனக்குத் திருப்தியாகக் கிடைக்காதது நம்ம குண்டு மிளகாய். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த ராமநாதபுரம் முண்டு மிளகாயைச் சொல்கிறேன். அங்கே கிடைக்கிற நீள மிளகாயில் காரம் வரும், நம்ம மீன் ஆணத்தின் (குழம்பின்) மணம் வராது. தங்கச்சி பெட்டியில் இரண்டு கிலோ காயவைத்துக் கட்டியாச்சு, பக்கத்திலேயே நம்ம ஊர் இனிப்பான தொதல் ஒரு டப்பா.