இமேஜ் எழுதும் முன் வட்டை அறிய எந்த வழி: எல்எஸ்பிஎல்கே, டிமெசேஜ், பை-ஐடி

சென்னை ரிச்சி தெருவில் ஒரே ரகத்தில் இரண்டு 32 ஜிபி பென்டிரைவ் வாங்கி, ஒன்றில் குடும்பப் படங்களையும் மற்றொன்றில் லினக்ஸ் நிறுவல் இமேஜையும் (நிறுவல் வட்டின் முழு நகலான கோப்பு) வைக்க நினைப்பவர், இரண்டையும் செருகிவிட்டு, இமேஜை வட்டில் நேரடியாக எழுதும் டிடி கட்டளையில் எந்த வட்டின் பெயரைக் கொடுப்பது? டிடி மறுகேள்வி கேட்காது. பெயர் மாறினால் படங்கள் இருந்த வட்டின் பகிர்வு அட்டவணை (வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற பதிவு) நொடிப்பொழுதில் அழிந்துவிடும்.

பெரும்பாலோர் முதலில் நாடுவது, இணைந்துள்ள வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை. 500 ஜிபி வட்டு அதில் 465.8 என்றும், 32 ஜிபி பென்டிரைவ் ஏறக்குறைய 29 என்றும் தெரிவது 1024-இன் அடுக்குகளில் கணக்கிடுவதால்தான். அதைக் கண்டு ஐயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரே அளவுள்ள இரண்டை அளவு பிரித்துக் காட்டாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை லினக்ஸின் மையமான கெர்னல் வட்டுகளைக் கண்டறிந்த வரிசையில் இட்ட பெயர்களே என்பதால், கணினியை மீண்டும் தொடங்கினால் அவை இடம் மாறக்கூடும். மாடல், சீரியல் (வரிசை எண்), ட்ரான் (யுஎஸ்பி போன்ற இணைப்பு வகை) ஆகிய பத்திகளையும் கேட்டுப் பெற்றால்தான் இந்தக் கட்டளை நம்பத்தக்கதாகிறது. கழற்றத்தக்கதா என்று சொல்லும் ஆர்எம் பத்தியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. யுஎஸ்பி உறையில் இட்ட எஸ்எஸ்டி பலவற்றுக்கு அது 0 என்றே காட்டும்.

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பென்டிரைவைச் செருகினால், அந்தக் கணமே புதிய பெயருடன் ஒரு வரி வந்து விழும். கையில் இருக்கும் பொருளையும் திரையில் உள்ள பெயரையும் நேரடியாக இணைப்பது இந்த வழி ஒன்றுதான். எனினும் இது தருவதும் எஸ்டிபி போன்ற தற்காலிகப் பெயரையே. கழற்றிச் செருகினால் அது எஸ்டிசி ஆகிவிடலாம்.

என் தேர்வு, டெவ் கோப்புறையின் டிஸ்க் பிரிவில் உள்ள, வட்டைச் சுட்டும் பை-ஐடி இணைப்பு. நிறுவனம், மாடல், வரிசை எண் மூன்றும் அந்தப் பெயரிலேயே இருப்பதால், எழுதப்போகும் வட்டு எதுவென்று கட்டளையைப் படித்தாலே தெரியும். இறுதியில் 'பார்ட்1' என்று முடிவது பகிர்வைக் குறிக்கும். முழு வட்டுக்கும் எழுத அது இல்லாத பெயரையே எடுக்க வேண்டும். மலிவான பென்டிரைவ்கள் சிலவற்றில் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருப்பதுண்டு. அப்போது இரண்டுக்கும் ஒரே இணைப்புதான் கிடைக்கும் என்பதால், படங்கள் உள்ளதைக் கழற்றி வைத்துவிடுவதே பாதுகாப்பு.

பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலோ வட்டு கழன்றிருந்தாலோ, ரூட் எனும் முழு நிர்வாக உரிமையில் ஓடும் டிடி அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பொன்றை உருவாக்கி, டெவ் கோப்புறை நினைவகத்திலேயே இருப்பதால் இமேஜ் முழுவதையும் அங்கே கொட்டும். இதைத் தடுக்க டிடியின் கான்வ் என்ற விருப்பத்தில் நோகிரியேட் சேர்க்க வேண்டும். உடன் எஃப்சிங்க் சேர்த்தால், எழுதியவை வட்டைச் சென்றடைந்த பின்னரே கட்டளை முடியும்.

கட்டளை வேண்டாதவர்களுக்கு, சாளரத்திலேயே இமேஜ் எழுதித் தரும் எட்சர் என்ற செயலி போதும். அது கணினியின் சொந்த வட்டை இயல்பாகவே மறைத்துவிடுகிறது. ஆனால் செருகியிருக்கும் இரண்டு பென்டிரைவில் எதில் படங்கள் உள்ளன என்பதை அதுவும் அறியாது.