பச்சை டிக் போட்ட 64 பக்கம்: இணையதளச் சோதனைக்குப் பணம் கட்டுகிறவர்கள் படித்துவிட்டுக் கட்டுங்கள்

2023 தீபாவளிக்கு 18 நாள் இருந்தது. நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நங்கநல்லூரில் இருக்கும் மாமியாருக்குத் தேன்குழலும் லேகியமும் அனுப்ப வேண்டுமாம். "முகவரி வரை நிரப்பிவிட்டேன், பணம் கட்டும் பொத்தானைத்தான் காணோம்" என்றார். என்ன போன் என்று கேட்டேன். ஐபோன். அன்று மாலைக்குள் இன்னும் 4 பேர். அத்தனையும் ஐபோன்.

மேற்கு மாம்பலத்தில் பட்சணக் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி ஆர்டரில் பாதி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கிருக்கும் பெற்றோருக்காகக் கொடுப்பது. அதனால்தான் ஆர்டர் எடுக்கும் எங்கள் இணையதளம் தயாரானதும், எல்லா போனிலும் எல்லா பிரவுசரிலும் ஓடுகிறதா என்று பார்த்துத் தர பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். பேசிய தொகை 36,000 ரூபாய், முன்பணம் 24,000. ஐந்து நாள் வேலை என்றார்கள். ஆறாம் நாள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட 64 பக்க அறிக்கை வந்தது. 22 சாதனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரீன்ஷாட், ஒவ்வொன்றின் கீழும் பச்சை டிக். அதைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவ்வளவு நம்பிக்கை.

புகார் சொன்னதும் அவர்களுடைய மேலாளர் பதறவே இல்லை. "ஐபோன்காரர்களை குரோமில் திறக்கச் சொல்லுங்கள் மேடம், சரியாகிவிடும்" என்றார். நானும் இரண்டு நாள் வாடிக்கையாளர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. குரோமிலும் பொத்தான் வரவில்லை.

வராது என்று கணினி அறிவியல் படிக்கும் அண்ணன் மகள் சொன்னாள். ஐபோனில் குரோம், ஃபயர்பாக்ஸ் என்று எந்தப் பெயரில் பிரவுசர் இருந்தாலும், உள்ளே ஓடுவது, பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தானாம். அப்போது எல்லா நாட்டிலும் ஆப்பிள் வைத்திருந்த விதி அது. பெயர்ப் பலகை மூன்று, அடுப்பு ஒன்று. சோதனையையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாதா என்று அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது.

அவள் அறிக்கையைப் புரட்டினாள். 31ஆம் பக்கம், 'ஐபோன் 15, சஃபாரி' என்று தலைப்பு. "அத்தை, இதில் மணி எங்கே? பேட்டரி எங்கே? முகவரிப் பட்டை எங்கே?" என்றாள். படத்தில் எங்கள் பக்கம் மட்டும் மொழுமொழுவென்று இருந்தது. தன் லேப்டாப்பில் குரோமைத் திறந்தாள், எஃப்12 அழுத்தினாள், ஓரத்தில் இருந்த சின்ன போன் படத்தைத் தொட்டாள். அச்சு அசலாக அதே படம். பத்து விநாடி ஆகியிருக்காது.

அந்த வசதி குரோமின் ஜன்னலை போன் அகலத்துக்குச் சுருக்கும். தளம் இருக்கும் கணினியான சர்வரிடம் 'நான் ஐபோன்' என்று பெயர் மாற்றிச் சொல்லும். அவ்வளவுதான். உள்ளே இருப்பது குரோமேதான். பக்கம் கட்டுகிறவர்கள் அவசரத்துக்குப் பார்த்துக்கொள்ள அது நல்ல வசதி. அதைக் காட்டி ஐபோன் சோதனை என்று ரசீது போடுவது வேறு சங்கதி. எங்கள் கோளாறோ முகவரிப் பட்டையிலேயே இருந்தது. தளம் கட்டியபோது பக்கத்தின் உயரத்தை '100 விஎச்', அதாவது திரை உயரம் முழுவதும், என்று எழுதியிருந்தது. ஐபோன் சஃபாரி அந்த உயரத்தைக் கணக்கிடும்போது முகவரிப் பட்டை சுருங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்கிறது. பட்டை விரிந்து நின்றால் அடியில் இருக்கும் பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். எங்கள் பக்கத்தில் ஸ்க்ரோலையும் பூட்டி வைத்திருந்ததால் இழுத்துப் பார்க்கவும் வழியில்லை. பட்டையே இல்லாத போலி போனில் ஆயிரம் முறை பார்த்தாலும் பச்சை டிக்தான் விழும்.

இன்னொரு கோளாறும் கிடைத்தது. ஐபோன் 7 வைத்திருந்தவர்களுக்குப் பக்கமே வெள்ளையாக இருந்தது. விலைக்கு நடுவே கமா போட எழுதிய ஒரு வரியில், ஓர் எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் 'லுக்பிஹைண்ட்' என்ற வசதி இருந்தது. சஃபாரிக்கு அது 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான் வந்தது. ஐபோன் 7-இன் இயங்குதளமான ஐஓஎஸ் 15-க்கு மேல் போகாது, சஃபாரியும் அதோடு நின்றுவிடும். அந்த ஒரு வரி புரியாததால் பிரவுசர் முழு ஸ்கிரிப்ட்டையும் தள்ளிவிட்டது.

'மேக்' என்று போட்ட பக்கத்தை நானே பிடித்தேன். அதில் இருந்த தமிழ் எழுத்து விண்டோஸோடு வரும் நிர்மலா. எங்கள் டப்பா லேபிள் அடிப்பது அதில்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மிச்சத்தை, யார் எப்போது எந்த பிரவுசரில் வந்தார்கள் என்று குறித்துவைக்கும் சர்வர் பதிவு சொன்னது. சோதனைப் பிரதிக்குக் கடவுச்சொல் போட்டிருந்தோம். அதைக் கொடுத்தது அவர்களுக்கு மட்டும். ஐந்து நாளில் அவர்கள் வந்தது ஒரே பிற்பகல், 52 நிமிடம். மூன்று பக்கம் ஃபயர்பாக்ஸ் படம் ஒட்டியிருந்தார்கள், பதிவில் ஒரு ஃபயர்பாக்ஸ்கூட இல்லை. 'ஐபோன் 15' உட்பட நான்கு மாடல் ஐபோன்களும் 'ஐஓஎஸ் 13.2.3' என்று பதிவாகியிருந்தன. அது 2019-இல் வந்த பதிப்பு. ஐபோன் 15 கடைக்கு வந்ததே 2023 செப்டம்பரில், ஐஓஎஸ் 17 உடன்.

மேலாளரைக் கேட்டேன். "உண்மையான போனில் பார்ப்போம் என்று ஒப்பந்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். உண்மைதான், எழுதவில்லை. சோறு என்று எழுதினால் வெந்த சோறு என்றும் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீங்கள் எழுதி வாங்கிவிடுங்கள்: எந்தெந்த நிஜ சாதனம், எந்தப் பதிப்பு, படத்தில் முழுத் திரையும் தெரிய வேண்டும் என்று. மீதிப் பணம் கொடுக்கும் முன் சர்வர் பதிவோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நிஜ போன்களைத் தொலைவிலிருந்து வாடகைக்குத் தரும் பிரவுசர்ஸ்டாக் போன்ற சேவைகளும் இருக்கின்றன. நான் ரிச்சி தெருவில் பழைய ஐபோன் 7 ஒன்றை 8,000 ரூபாய்க்கு வாங்கினேன். தளம் கட்டிய தம்பி 'விஎச்'சை, பட்டை விரிவதற்கு ஏற்ப உயரம் மாறும் 'டிவிஎச்' ஆக்கி, அந்தக் கமா வரியையும் மாற்றினார். அரை மணி நேர வேலை. அதற்குள் தீபாவளிக்கு 9 நாள்தான் மிச்சம்.

டிசம்பரில் அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, மீதி 12,000 பாக்கி என்று. ஐஓஎஸ் 13.2.3 என்று இருந்த வரிகளை மட்டும் நகலெடுத்து, வேறெதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. முன்பணமும் வரவில்லை.