கச்சான் அல்வா லேபிள்: வார்ப்புருவா, சொந்த வடிவமா?

கிளிநொச்சிப் பக்கம் பெண்கள் குழு ஒன்று கச்சான் அல்வா செய்கிறது. கொழும்பில் பெயரெடுத்த ஒரு கொம்பனி அதைத் தன் பெயரில் விற்க எடுத்தது. கூடவே தடித்த விதிக்கோவை ஒன்றும் வந்தது: லோகோவைச் சுற்றி இவ்வளவு இடம் வெறுமையாக இருக்கவேண்டும், சிவப்பு இந்தச் சிவப்புத்தான், எழுத்துரு இதுதான். லேபிளுக்கு இரண்டு வழி சொன்னார்கள். அவர்களின் வார்ப்புருவில் பெயர், நிறை, திகதியை நிரப்புவது ஒன்று. விதிக்குள் நின்று நாமே வரைந்து அனுமதிக்கு அனுப்புவது மற்றது.

சொந்தமாக வரையத்தான் எனக்கு ஆசை. பனையோலை ஒன்று வரைந்தேன். அதன் நுனி லோகோவின் எல்லைக்குள் இரண்டு மில்லிமீற்றர் நுழைந்துவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். சரி, அடுத்த முறை பிழை என்னுடையது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழை அப்படியே அனுப்பிவிட்டேன். அந்த எழுத்துரு இல்லாத அவர்களின் கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்து, மெய்யெழுத்துப் புள்ளிகள் எல்லாம் அரைப்புள்ளி. எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக மாற்றியல்லவா அனுப்பியிருக்க வேண்டும்!

வார்ப்புருவில் இந்த அலைச்சல் இல்லை. பார்கோட் கறுப்பில், இரு பக்கமும் வெள்ளை இடத்தோடு தயாராக இருக்கும். (சிவப்பில் போட்டால் அழகு என்பார்கள். கடையில் வாசிக்கும் கருவியின் ஒளியும் சிவப்பு, கோடே அதற்குத் தெரியாது.) உணவில் சீனி எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் நிறக்குறிக்கும் இடம் உண்டு. 2019 முதல் திண்ம உணவுக்கும் அது வந்துவிட்டது: 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு வட்டம். அல்வாவுக்கு வேறென்ன வரும்? கொம்பனியின் சிவப்பில் அந்த வட்டம் கரைந்துபோகாமல் வெள்ளைப் பட்டி ஒன்றை முன்பே விட்டிருந்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆனால் அந்த வார்ப்புரு ஆங்கிலத்தை நினைத்துச் செய்தது. தமிழுக்கு 6 பொயின்ற், சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து. மாதிரி அச்சில் மை பரவிப் புள்ளிகள் அடைபட்டுவிட்டன. குழுவின் மூத்த அக்கா பைக்கற்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, கசசான? ஆர் வாங்குவினம்?"

9 பொயின்ற், தடித்த எழுத்து வேண்டும் என்று கேட்டேன். ஒரே நாளில் சம்மதித்தார்கள். லோகோவுக்கும் நிறத்துக்கும் பக்கம் பக்கமாக விதி எழுதியவர்கள் தமிழ் எழுத்தின் அளவுக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வெறும் பையில் ஸ்டிக்கர் ஒட்டலாமே என்றும் யோசித்தோம். பையிலேயே அச்சடிக்க நிறத்துக்கொரு உருளை வேண்டும், ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டும். ஸ்டிக்கர் நூறும் அடிக்கலாம். ஆனால் கச்சான் எண்ணெய் பட்ட பையில் ஓரம் கிளம்பிவிடுகிறது. கொம்பனியின் சிவப்பும் சரியாக வரவில்லை. அப்புறம் அதை விட்டுவிட்டோம்.

என் வாக்கு வார்ப்புருவுக்குத்தான், தமிழின் அளவை முதலே கேட்டு வாங்கினால். அடுத்தது எள்ளுருண்டை. அதிலும் இரண்டு புள்ளி. மாதிரி அச்சை இந்த முறை அச்சகத்திலேயே நின்று பார்க்கப்போகிறேன்.