மே போட்ட கணக்கும் ஜான்சன் போட்ட கணக்கும்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனுக்குத் தொண்டையில் சிக்கிய முள் அதன் பகுதியான வட அயர்லாந்துதான். ஒன்றியத்திலேயே நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசுடன் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை; வட அயர்லாந்தின் நீண்ட வன்முறைக்கு முடிவு கட்டிய 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அங்கே சோதனைச் சாவடி வைக்க எவருக்கும் துணிவில்லை.

அப்போதைய பிரதமர் தெரசா மே 2018இல் சொன்ன வழி: வேறு ஏற்பாடு கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க வளையத்தில் இருக்கட்டும். சரக்கு லாரிகளுக்குப் பெரும்பாலும் நிம்மதி. ஆனால் இறக்குமதி வரியைத் தன் விருப்பப்படி குறைத்து அமெரிக்காவுடன் பேரம் பேச முடியாது. 'இதற்காகவா விலகினோம்?' என்று சொந்தக் கட்சியினரே கொதித்தனர். 2019 ஜனவரியில் 432க்கு 202 என்ற கணக்கில் ஒப்பந்தம் தோற்றது.

அடுத்து பிரதமரான போரிஸ் ஜான்சன் எல்லையை வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் இடையிலான கடலுக்குத் தள்ளினார். வட அயர்லாந்து மட்டும் ஒன்றியத்தின் சரக்கு விதிகளுக்குள். மற்ற பகுதிக்கு விடுதலை. நாடாளுமன்றத்தில் இது எடுபட்டது. பிறகுதான் கூத்து. ஸ்காட்லாந்திலிருந்து பெல்ஃபாஸ்ட் நாற்றுப் பண்ணைக்கு வரும் செடியின் வேரில் பிரிட்டன் மண் ஒட்டியிருந்தால் அனுமதி இல்லை என்றானது. ஒரே நாட்டுக்குள்! குளிரூட்டிய சாசேஜுக்கும் தடை வரும் நிலை வந்து, அவகாசத்தின் மேல் அவகாசமாக அது தள்ளிப்போனது. பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் இதை எதிர்த்து அரசிலிருந்து வெளியேறியதால் 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் பெல்ஃபாஸ்ட் ஆட்சி முடங்கியது. பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட 2023 விண்ட்சர் ஒப்பந்தம், வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சைத் தடம், ஒன்றியத்துக்குள் போகக்கூடியதற்குச் சிவப்புத் தடம் என்று பிரித்துச் சுமையைக் குறைத்தது. கடல் எல்லை போகவில்லை.

இரு சந்தைக்கும் தடையின்றி விற்கும் வாய்ப்பு வட அயர்லாந்து ஆலைகளுக்குக் கிடைத்ததை ஜான்சன் கணக்கில் வரவு வைக்கலாம். ஆனாலும் விலையை மறைக்காமல் சொன்னது மேயின் திட்டம்தான். 2025இல் பிரதமர் ஸ்டார்மரின் பிரிட்டன் அரசு உணவு, தாவர விதிகளில் ஒன்றியத்தோடு ஒத்துப்போக இசைந்தது, அந்தப் பக்கம் அரையடி திரும்பியதுபோலத்தான் தெரிகிறது.