புளியரைச் சாரலுக்கு ஒரு ஜெனரேட்டர்

ஆனி பிறந்தால், தென்காசிப் பக்கம் கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் புளியரையில் சாரலும் காற்றும் சேர்ந்தே வரும். தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் மறுநாள்தான். இன்வெர்ட்டர் மின்விசிறிக்குப் போதும். கிணற்று மோட்டாருக்கு ஆகாது. தென்காசிக் கடையொன்றில் 2 கேவிஏ (ஜெனரேட்டர் தாங்கும் மின்சுமையின் அளவு) பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன்.

"1 எச்பி மோட்டார்தானே அண்ணாச்சி, தாராளமாக இழுக்கும்" என்றார் விற்றவர். சுவிட்சைப் போட்டதும் முக்கி முனகி அணைந்துவிட்டது. 1 எச்பி என்பது 746 வாட்தான். ஆனால் கிளம்பும் நொடியில் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். இதை எனக்குச் சொன்னவர் ஆரியங்காவிலிருந்து வரும் எலக்ட்ரீசியன் சேட்டன். கடைக்காரர் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்! சண்டை போட்டு, மேல்பணம் கட்டி, 5 கேவிஏ இயந்திரமாக மாற்றினேன்.

இது மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் சேர்த்தே தாங்குகிறது. சத்தம் மட்டும் அரிசி ஆலைதான். பக்கத்து வீட்டு மதினி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு என்பதால் வீட்டைவிட்டுத் தள்ளி, தொழுவத்தருகே திறந்தவெளியில் தகரக் கூரை போட்டு வைத்திருக்கிறேன். வீட்டை வெளிக்கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. அது இல்லாமல் நம் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போனால், கம்பத்தில் ஏறியிருப்பவர் உயிருக்கு யார் பொறுப்பு?